நிறையாத பாட்டிலைச் சந்தேகியுங்கள்

எலும்பு மருத்துவத்துக்குப் புதிதாக வந்திருக்கும் இளைய தோழர்களே, நம்பிக்கையைப் பற்றி உங்களுக்கு எடுத்துச் சொல்ல இந்த ஊரில் ஆள் பஞ்சம் இல்லை. நோயாளி மருத்துவரை நம்ப வேண்டும், மருத்துவர் தன் கையை நம்ப வேண்டும், இருவரும் மருந்தை நம்ப வேண்டும் என்று விழா மேடைகளில் முழங்குவார்கள், கைதட்டலும் வாங்குவார்கள். நானும் மேடை ஏறிப் பழகியவன்தான். எந்தத் தலைப்பைக் கொடுத்தாலும் அதை நிமிர்த்தி நிறுத்தக் கற்றவன்தான். ஆனால் ஓய்வுபெற்ற பின் உங்களிடம் பேசுவதற்காக எனக்கு நானே கொடுத்துக்கொண்ட தலைப்பு, சந்தேகம்.

இடுப்பு மூட்டை மாற்றும் அறுவையில் நம் கை புகும் இடம் குறுகலானது. மூட்டுக்குப் பின்னால் சயாட்டிக் நரம்பு, விரல் பருமனில், கீழே இறங்குகிறது. முன்னால், காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நாம் ரம்பத்தையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு போகிறோம். குழாய் கிழிந்தால் காலுக்கும் ஆபத்து, உயிருக்கும் ஆபத்து. நரம்பு கெட்டால் பாதம் தொங்கிப்போகும். நடக்கும்போது செருப்பு தரையில் தேயும், வரப்பில் கட்டைவிரல் இடறும். இவற்றைத் தவிர்ப்பது எப்படி என்று உங்கள் பாடநூல்கள் நன்றாகவே சொல்கின்றன. ஒரு பாதம் தொங்கிவிட்ட காலையில், கட்டிலைச் சுற்றி நிற்பவர்கள் ஒருவரை ஒருவர் எப்படிப் பார்ப்பார்கள் என்பதை எந்தப் பாடநூலும் சொல்வதில்லை. அதை நான் சொல்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் நான் இளநிலை மருத்துவன். எங்கள் தலைமை மருத்துவரை எல்லோரும் பெரிய டாக்டர் என்றே அழைப்போம். மூட்டு மாற்று அறுவையை எங்கள் வட்டாரத்தில் துணிந்து செய்தவர் அப்போது அவர் ஒருவரே. திருப்பனந்தாள் பக்கம் நிலபுலன் உள்ள குடும்பம். அண்ணன் நிலத்தைப் பார்த்துக்கொண்டார். தம்பி கத்தியைக் கையில் எடுத்தார். நானோ நடவுக்கும் அறுப்புக்கும் போன குடும்பத்தில் பிறந்து, கறுப்பு சிவப்புக் கரைத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, கல்லூரிச் சொற்போர் மேடைகளில் பெயர் வாங்கியவன். அந்த ஆண்டுகளில் என்னை எதிர்த்துப் பேசி வென்றவர் இல்லை. அடக்கம் கருதி இதை மறைத்தால் அது பொய்யாகிவிடும்.

எந்தப் பேச்சை எடுத்தாலும் அதன் அடியில் நிலம் கிடந்த காலம் அது. கோட்டையில் ஆட்சி மாறினாலும் உச்சவரம்பு, பினாமி, குத்தகைப் பதிவு என்ற சொற்கள் மாறவில்லை. மிராசுதார் வீட்டுக் கார் சேரிப் பக்கம் திரும்பினால் ஊர் முழுவதும் காரணம் தேடியது. செங்கொடிக்காரர் மிராசுதார் வீட்டு வாசலில் நின்று தண்ணீர் வாங்கிக் குடித்தால் அதற்கும் காரணம் தேடியது.

பெரிய டாக்டரின் ஊரான திருப்பனந்தாள் பக்கத்திலிருந்துதான் கலியபெருமாள் வந்தார். பெரிய டாக்டரின் அண்ணனுடைய நிலத்தைக் குத்தகைக்குச் சாகுபடி செய்தவர். இடுப்பு மூட்டு தேய்ந்து, வயலில் இறங்க முடியாமல் போனவர். அவர் மனைவி அஞ்சம்மாள்தான் ஆள் விட்டு, கூட நின்று, பயிரைக் கரையேற்றினாள். மிராசுதாரான அந்த அண்ணன் அதையே பிடித்துக்கொண்டார். குத்தகைதாரன் உடம்பால் உழைக்கவில்லை, உள்குத்தகைக்கு விட்டிருக்கிறான், ஆகவே வெளியேற்ற வேண்டும் என்று வழக்குப் போட்டார். மனைவியின் உழைப்பும் சட்டத்தில் செல்லும் என்றார் கலியபெருமாளின் வக்கீல். ஆனால் தை அறுவடைக்குப் பின் நேரில் பார்க்க வரும் அதிகாரியின் கண்ணுக்கு, வரப்பில் நிற்கும் ஆளைவிடப் பெரிய சாட்சி கிடையாது என்றும் அவரே சொன்னார். ஆகவே கலியபெருமாளுக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். அந்த நாளில் அவர் தன் காலில், தன் வரப்பில் நிற்க வேண்டும்.

அதற்காக அவர் வந்து நின்ற இடம், வழக்குப் போட்டவரின் தம்பியிடம்.

பெரிய டாக்டர் மறுக்கவில்லை. அதுவே எல்லோருக்கும் சந்தேகத்தைக் கிளப்பியது. விவசாயத் தொழிலாளர் சங்கத்தைச் சேர்ந்த தம்புசாமி, கலியபெருமாளின் பங்காளி முறை, மருத்துவமனை வாசலிலேயே கேட்டார்.

“அண்ணன் கேஸு போடுறாரு, தம்பி கால அறுக்குறாரு. ரெண்டு பேரும் ஒரே வீட்டுலதானய்யா தீவாளி கொண்டாடுறாங்க?”

கலியபெருமாள் சிரித்தார். “சண்ட அவங்க அண்ணனோட. வலி எங்கூட. ராத்திரி எங்கூடப் படுக்குறது எது? அதத்தானே மொதல்ல தீக்கணும்.”

இந்தச் சந்தேகத்தில் நான் தம்புசாமியின் பக்கம். அறுவை நாளன்று என்னைப் புறநோயாளிப் பிரிவில் உட்கார வைத்தார்கள். அதையும் நான் சந்தேகித்தேன். ஆகவே அன்று மாலை, மயக்கம் தெளிந்தவுடன், யாரும் சொல்லாமல் நானாகவே வார்டுக்குப் போனேன். போர்வையை விலக்கிப் பாதத்தைத் தொட்டேன். சூடாக இருந்தது. மேல்பாதத்தில் நாடி நன்றாகத் துடித்தது. கட்டைவிரலை மேலே தூக்கச் சொன்னேன். தூக்கினார். பாதத்தையும் தூக்கினார்.

“என்ன தம்பி, காலு இருக்கான்னு பாக்க வந்தீங்களா? மடியில கட்டிக்கிட்டுப் போற சாமானா அது?”

எதிரணி பிழைவிடும் என்று குறிப்பெடுக்கக் காத்திருந்து ஏமாந்த பேச்சாளனைப் போலத் திரும்பினேன். கட்டிலடியில், காயத்தில் கசியும் ரத்தத்தை உறிஞ்சி வடிக்கும் கண்ணாடிப் பாட்டில் இருந்தது. அதற்கு வரும் மெல்லிய குழாயில் ரத்தம் ஊர்ந்துகொண்டிருந்தது. அஞ்சம்மாள் பக்கத்தில் குந்தியிருந்தாள். புருசன் முகத்தை அவள் பார்க்கவில்லை, பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை நான் வார்டுக்குள் நுழைந்ததும் செவிலியர் மலர்ந்த முகத்தோடு வந்தார்.

“சார், நல்ல செய்தி. கலியபெருமாளுக்கு ராத்திரி பாட்டில்ல ரத்தம் ஏறவே இல்ல. சுத்தமா நின்னுடுச்சு.”

தோழர்களே, சொற்போர் மேடை எனக்குக் கற்பித்தவற்றுள் ஒன்று உண்டு. முழங்கிக்கொண்டிருந்த எதிரணி திடீரென்று அடங்கிவிட்டால் வென்றுவிட்டோம் என்று எண்ணக் கூடாது. மேசைக்கு அடியில் என்ன கைமாறுகிறது என்று குனிந்து பார்க்க வேண்டும். பெரிய மூட்டை அறுத்த முதல் இரவில், ஓடிக்கொண்டிருந்த ரத்தம் ஒரே அடியாக நிற்பது எனக்கு நல்ல செய்தியாகப் படவில்லை.

கலியபெருமாள் வியர்த்துக் கிடந்தார். தொடையின் பின்புறம் கொதிக்கிறது என்றார். பாதம் தொங்கிக் கிடந்தது. தூக்கச் சொன்னேன். அவர் முகத்தில் முயற்சி தெரிந்தது. பாதத்தில் ஒன்றும் தெரியவில்லை. மேல்பாதத்தில் ஊசியால் குத்தினேன். அவர் உணரவில்லை.

“நெலத்தத்தான் கேக்குறாங்கன்னு நெனச்சேன் தம்பி. காலையும் சேத்து எழுதி வாங்கிட்டாங்களா?” என்றார். வேடிக்கையாகத்தான் ஆரம்பித்தார். முடிக்கும்போது குரல் உடைந்துவிட்டது.

நாடி துடித்தது. ஆகவே பெரிய ரத்தக்குழாய் தப்பித்திருந்தது. கெட்டது நரம்பு. ஆனால் எப்போது? கத்தி வெட்டியிருந்தால் மாலையில் அந்த விரல் அசைந்திருக்காது. மாலையில் அசைந்து, காலையில் அசையாமல் போனால், இடைப்பட்ட நேரத்தில் உள்ளே ஏதோ வளர்ந்திருக்கிறது. தொடையைத் தொட்டேன், நெல் திணித்த கோணிமூட்டையைப் போல விறைத்திருந்தது. உள்ளே ரத்தம் தேங்கி நரம்பை அழுத்துகிறது என்று என் அறிவு சொன்னது. வளர்ந்துகொண்டிருக்கும் ரத்தத்துக்குப் பொறுமை காட்டக் கூடாது. விரைவில் திறந்து எடுத்தால் நரம்பு பிழைக்கும், தாமதித்தால் பிழைக்காமலும் போகும்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். மாலை நேரத்து விரலசைவை நான் பார்த்தது அக்கறையால் அன்று, பெரிய டாக்டர் மீதிருந்த சந்தேகத்தால். அந்தச் சந்தேகம் இல்லையென்றால், நரம்பு எப்போது கெட்டது என்பதற்கு அன்று காலை எவரிடமும் சான்று இருந்திருக்காது. அவரைக் குற்றம்சாட்டச் சேர்த்த சான்று அவரையே விடுவித்தது.

பெரிய டாக்டர் வந்தார். பாதத்தைப் பார்த்தார். ஊசியை வாங்கித் தானும் குத்திப் பார்த்தார். என்னைத் தாழ்வாரத்துக்கு அழைத்துப்போனார்.

“நரம்பப் பாத்துட்டுத்தான் மூடினேன். முழுசா இருந்துச்சு.”

“சாயந்திரம் பாதம் தூக்கினார் சார். நான் பாத்தேன்.”

“உன்ன யாரு பாக்கச் சொன்னது?”

அவர் கையில் இன்னும் இருந்த ஊசியை நான் வாங்கிக்கொண்டேன்.

“சரி. அப்ப இப்ப ஏன் தூக்கல? கேஸு நடக்குது. சங்கத்துக்காரன் வாசல்ல நிக்கிறான். நடிக்கிறானா?”

“தூக்காம இருக்கறத நடிக்கலாம் சார். தொட வீங்கறத நடிக்க முடியுமா? திறந்து பாத்துடலாம்.”

“திறந்தா வெளியில என்ன பேசுவாங்கன்னு உனக்குத் தெரியாதா? நேத்து வெட்டினத மறைக்க இன்னிக்குத் தைக்கிறான்னு பேசுவாங்க. பொறுத்துப் பாப்போம். தானா சரியாகற கேஸும் உண்டு.”

திறமையான கை அவருடையது. அந்தக் காலையில் அந்தக் கை நீளாமல் தடுத்தது மருத்துவ அறிவு அல்ல. வாசலில் நின்றவர்கள் அவரைச் சந்தேகித்தார்கள் என்பதை அவர் அறிந்திருந்தார். அந்த அறிவுதான் தடுத்தது.

வாசலில் வேறு வேகம். தம்புசாமி வாடகைக் காருக்குச் சொல்லிவிட்டார். கலியபெருமாளைச் சென்னைக்குக் கொண்டுபோவதாக முடிவு. அது பகல் முழுதும் ஆகும் பயணம். நான் படியில் நின்று பேசினேன். நரம்பின் இயல்பை, காலத்தின் அருமையை, சந்தேகத்துக்கும் சான்றுக்கும் உள்ள தொலைவை ஏற்ற இறக்கத்தோடு எடுத்துரைத்தேன். அந்தப் பேச்சில் இன்றும் எனக்குக் குறை தெரியவில்லை. கூட்டம் அமைதியாகக் கேட்டது. கேட்டு முடித்ததும் தம்புசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“நல்லாத்தான் பேசுறீங்க, டாக்டர் தம்பி. கால் தூக்குமா?”

நான் உள்ளே திரும்பினேன். அறுவை வேண்டாம் என்பதில் இரு தரப்பும் ஒன்றுபட்டு நின்றன. பெரிய டாக்டருக்குப் பழி பயம். இவர்களுக்குக் கத்தி பயம். நடுவில் ஒரு நரம்பு நசுங்கிக்கொண்டிருந்தது.

கட்டிலருகே அஞ்சம்மாள் மட்டும் இருந்தாள். செவிலியரின் நல்ல செய்தி என் காதில் இன்னும் உறுத்திக்கொண்டிருந்தது. பாட்டிலிலிருந்து தொடங்கினேன். குழாயை இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்துக்கொண்டு, அது போகும் வழியெல்லாம் போனேன். கட்டில் சட்டத்தைத் தாண்டி, மெத்தையின் ஓரத்தைத் தாண்டி, போர்வைக்குள் நுழைந்தேன். அஞ்சம்மாள் எழுந்துவிட்டாள்.

“அங்க ஒண்ணுமில்லிங்க, அய்யா.”

அவள் அப்படிச் சொன்னதும் எனக்கு இடம் தெரிந்துவிட்டது. காயத்துக்குச் சற்றுக் கீழே குழாய் இரண்டாக மடிக்கப்பட்டிருந்தது. மடிப்பின் மேல் வாழைநார், சுற்றிச் சுற்றி இறுக்கி முடிந்திருந்தது. ஊர்க் கோயிலிலிருந்து திருநீறும் பூவும் வந்த பொட்டலத்தின் நார்.

“நீங்களாம்மா?”

அவள் என்னைப் பார்க்கவில்லை. “பாட்டில் ஏறிக்கிட்டே போச்சுங்க. நர்ஸம்மாகிட்ட எவ்ளோ போவும்னு கேட்டேன். அது அப்படித்தான்னு போயிட்டாங்க. போறது யாரு வூட்டு ரத்தம்? நடுச்சாமத்துல மடை ஒடச்சிக்கிட்டா யார்கிட்டயாவது கேட்டுக்கிட்டா நிப்போம்? கையில கெடச்சத வெச்சு அடைக்க மாட்டோம்?”

“இங்க யாரும் எடுக்கலம்மா. அது கழிவு ரத்தம்.”

“இது யாரு ஆசுபத்திரிங்க? அவங்க தம்பி ஆசுபத்திரி. நான் எத நம்புறது?”

நான் முடிச்சை அவிழ்த்தேன். கறுத்த ரத்தம் சிறிது வந்தது. பிறகு நின்றுவிட்டது. தோழர்களே, இந்த இடத்தில்தான் கவனம் வேண்டும். முடிச்சு அவிழ்ந்தது, காரணம் கிடைத்தது, இனி தானாக வடிந்துவிடும் என்று மூச்சு விட்டுக்கொள்ள மனம் துடிக்கும். அந்த நிம்மதியையும் சந்தேகியுங்கள். உள்ளே ரத்தம் உறைந்து கட்டியாகியிருந்தது. அது குழாய் வழியே வராது. காரணத்தைக் கண்டுபிடித்ததால் நரம்பின் மேலிருந்த சுமை இம்மியும் குறையவில்லை.

அஞ்சம்மாளிடம் சொன்னேன். உங்கள் வயலில் வடிகால் அடைபட்டால் பயிர் என்ன ஆகும் என்று கேட்டேன். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

“அப்ப நாந்தான் அவரு கால அழிச்சிட்டனா?”

“இன்னும் அழியலம்மா. திறந்து, தேங்குனத எடுத்துட்டா நரம்பு மூச்சு விடும். யார் கட்டினது, ஏன் கட்டினதுன்னு பேச இது நேரமில்ல. வெளியில நான் பேசப்போறதும் இல்ல.”

“திறக்கறது யாரு? திரும்பவும் அவரா?”

“அவர்தான். அவரவிட்டா இங்க ஆள் இல்ல.”

அவள் புருசனின் பாதத்தைப் போர்வையால் மூடினாள். பிறகு கேட்ட கேள்வி நான் எதிர்பாராதது.

“நீங்க அவர நம்புறீங்களா?”

பொய் சொல்லலாம். ஒரு நொடியில் காரியம் முடிந்துவிடும். ஆனால் அவள் என் முகத்தை, முந்தின நாள் பாட்டிலைப் பார்த்தது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“முழுசா இல்ல” என்றேன்.

“அப்ப நீங்க உள்ள நில்லுங்க. கண்ண எடுக்காம அவரு கையவே பாருங்க. பாத்து வந்து எங்கிட்ட சொல்லுங்க. அப்படின்னா சரி.”

கலியபெருமாள் கண்ணை மூடியபடியே, “அவ சரின்னா சரிதான்” என்றார்.

பெரிய டாக்டரின் அறைக்குப் போனேன். குழாய் அடைபட்டிருக்கிறது, உள்ளே ரத்தம் கட்டியிருக்கிறது என்றேன்.

“எப்படி அடைச்சுது?”

“அடைச்சிருக்கு சார்.”

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

“அந்தம்மா சம்மதிச்சிட்டாங்க. ஒரு நிபந்தனையோட.”

“என்ன நிபந்தனை?”

“நான் உள்ள நின்னு உங்க கையப் பாக்கணும்.”

வேறு எந்தத் தலைமை மருத்துவராக இருந்தாலும் என்னை அன்றே வீட்டுக்கு அனுப்பியிருப்பார். அவர் முகம் சிவந்தது. பிறகு, சற்றும் எதிர்பாராத விதமாக, இறுக்கம் கலைந்தது. பழி வரும் என்று பயந்தவருக்கு, பழி சொல்லத் தயாரானவனே சாட்சியாக வந்து நிற்கிறான் என்பது புரிந்திருக்க வேண்டும்.

“வாங்க, பேச்சாளரே. நல்லாப் பாருங்க. ரெண்டு கண்ணும் பத்தலன்னா இன்னும் ரெண்டு பேரக் கூட்டிக்கிட்டு வாங்க.”

பார்த்தேன். தையல் பிரிந்ததும் ஈரல் துண்டுகளைப் போல உறைந்த ரத்தம் வெளிவந்தது. அவர் ஒவ்வொன்றாக அள்ளி எடுத்தார். கழுவினார். அடியில் நரம்பு தெரிந்தது. தட்டையாகி, பளபளப்பு இழந்து, ஆனால் முழுதாக. வெட்டு இல்லை, கிழிசல் இல்லை. விளக்கைத் தன் முழங்கையால் தள்ளி நரம்பின் மேல் விழச் செய்தார்.

“பாத்தாச்சா?”

“பாத்தேன் சார்.”

“மேலேருந்து கீழ வரைக்கும் பாருங்க. அப்புறம் இல்லன்னு சொல்லக் கூடாது.”

மேலிருந்து கீழ்வரை பார்த்தேன். எங்கிருந்தும் புது ரத்தம் பீறிடவில்லை என்பதையும் இருவருமாகப் பார்த்தோம். பிறகு அவர் பழைய குழாயை உருவி எடுத்தார். மடிந்த இடத்தில் வெள்ளையாகத் தழும்பு விழுந்திருந்தது. அதில் ஒரு நார் இழை ஒட்டிக்கொண்டிருந்தது. நான் அவிழ்த்தபோது கவனிக்காமல் விட்டது. இடுக்கியால் அதைப் பிடித்து விளக்குக்கு நேரே காட்டினார். மருத்துவமனையில் நூல் உண்டு, நாடா உண்டு, கட்டுத்துணி உண்டு. வாழைநார் கிடையாது.

அவர் என்னைப் பார்த்தார். நான் நரம்பைப் பார்த்தேன்.

குழாயும் நாரும் கழிவு வாளிக்குள் விழுந்தன. “புதுக் குழாய் போடுங்க” என்றார்.

வெளியே வந்தேன். அஞ்சம்மாள் சொல்லிச் சென்னைக் காரை நிறுத்திவைத்திருந்த தம்புசாமியும் கூட்டமும் எழுந்து நின்றார்கள். தூணோரம் அஞ்சம்மாள். மேடைப் பேச்சு எதுவும் எனக்கு நினைவுக்கு வரவில்லை.

“நரம்பு முழுசா இருக்கு. என் கண்ணால பாத்தேன். ரத்தம் தேங்கி அழுத்தியிருக்கு. எடுத்தாச்சு.”

“ஏன் தேங்குச்சு?” என்றார் தம்புசாமி.

“வடிகால் குழாய் அடைச்சிக்கிச்சு.”

“குழாய் ஏன் அடைச்சுது?”

அஞ்சம்மாளின் கை முந்தானையைப் பிடித்துக் கசக்கிக்கொண்டிருந்தது. எனக்குப் பின்னால் கதவு திறந்து நின்றதும், பெரிய டாக்டர் அங்கே நின்றதும் எனக்குத் தெரியும். ஒரே ஒரு வாக்கியத்தில் அவர் தன் மேல் விழுந்த பழி முழுவதையும் அந்தப் பெண்ணின் தலையில் இறக்கிவிட்டுப் போகலாம். அண்ணனின் வழக்குக்கும் அது உதவும்.

“குழாய்னா சில சமயம் அடைக்கும்” என்றேன்.

எல்லோரும் என் தலைக்கு மேலே அவரைப் பார்த்தார்கள்.

“அடைக்கும்” என்றார் அவர். கதவை மூடிக்கொண்டு போய்விட்டார்.

அந்த ஒரு சொல்லை நான் பல நாள் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். அஞ்சம்மாளைக் காப்பாற்றச் சொன்னாரா? அல்லது இரவு முழுவதும் தன் வார்டில் ஒருவர்கூடப் போர்வையை விலக்கிக் குழாயைப் பார்க்கவில்லை என்பது வெளிவராமல் இருக்கச் சொன்னாரா? வெளியில் சொல்லாமல் அண்ணனிடம் மட்டும் சொல்வாரா? அஞ்சம்மாளுக்கும் அதே சந்தேகம். மாத்திரை வாங்க வரும்போதெல்லாம் என்னிடம் தாழ்ந்த குரலில் கேட்பாள்.

“அவங்க அண்ணன்கிட்ட சொல்லிருப்பாருங்களா?”

“தெரியலம்மா.”

கலியபெருமாளின் மேல்பாதத்தில் முதலில் எரிச்சல் வந்தது. அவர் அதைக் குறையாகச் சொன்னார். எனக்கு அது நரம்பு விழித்த வரவாகப் பட்டது. வீட்டுக்குப் போகும்போதும் பாதம் தொங்கித்தான் இருந்தது. தாங்குபட்டை கட்டி அனுப்பினோம். ஐப்பசி மழையில் ஒரு நாள் வந்தவர், நான் கேட்பதற்கு முன்பே பட்டையைக் கழற்றிவிட்டுக் கட்டைவிரலைக் காட்டினார். ஒரு நெல்மணி உயரம் இருக்கும். அது எழுந்து விழுந்தது. பெரிய டாக்டர் குனிந்து, “இன்னொரு தடவ” என்றார். அது மறுபடியும் எழுந்தது. அவர் அடுத்த நோயாளியிடம் போனார்.

தை அறுவடை முடிந்து அதிகாரி வந்தார். நான் போகவில்லை. அஞ்சம்மாள்தான் அடுத்த முறை வந்தபோது சொன்னாள். கலியபெருமாள் ஊன்றுகோலோடு தன் வரப்பில் நடந்து போய், மடையைத் தாண்டி நின்றாராம். மிராசுதாரின் காரியஸ்தர், இவர் உழவில்லை, இவர் உள்குத்தகைக்கு விட்டார், இவர் நொண்டி என்று அடுக்கிக்கொண்டே போனாராம். அதிகாரி வரப்பில் நின்ற ஆளைப் பார்த்துவிட்டு, இவரையா நொண்டி என்கிறீர் என்று கேட்டாராம். குத்தகை நிலைத்தது.

“என்னென்னமோ சொன்னான் அந்தக் காரியஸ்தன். எம் மானம் போறாப்புல கூட ரெண்டு வார்த்த சொன்னான். குழாயப் பத்தி மட்டும் ஒண்ணும் சொல்லலீங்க.” அவள் நிறுத்தி, சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டாள். “அவரு சொல்லலீங்க அய்யா.”

ஏன் சொல்லவில்லை என்பதற்கு என்னிடம் இருந்த இரண்டு விடைகளும் இன்றும் அப்படியே இருக்கின்றன. எதையும் நான் தள்ளவில்லை.

அன்று கலியபெருமாள் உள்ளே பரிசோதனையில் இருந்தார். அஞ்சம்மாள் வார்டு வாசலில் என்னோடு பேசியபடி காத்திருந்தாள். முந்தின நாள் மூட்டு மாற்றிய ஒருவரின் அக்கா, கட்டிலடிப் பாட்டிலைப் பார்த்தபடி குழாயை விரலால் நெருடிக்கொண்டிருந்தாள். அஞ்சம்மாள் விறுவிறுவென்று உள்ளே போனாள்.

“யக்கா, அதுல கை வெக்காத. போறது போவட்டும். நின்னாத்தான் ஆபத்து.”

“நீ யாரு, நர்ஸா?”

“நர்ஸவிட எனக்குத் தெரியும்.”

பெரிய டாக்டர் அந்த நேரம் சுற்றுக்கு வந்துகொண்டிருந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார். அஞ்சம்மாள் திரும்பி அவரைக் கண்டாள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்; ஆனால் தலையைக் குனியவில்லை. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்தான் முதலில் பார்வையை விலக்கினார்.

“டாக்டர், அந்தக் கட்டில் குழாயப் பாத்தீங்களா?” என்று என்னைக் கேட்டார். அதுவரை என்னைப் பேச்சாளர் என்றே அழைத்துவந்தவர்.

“காலையில பாத்தேன் சார். நல்லா ஓடுது.”

“போர்வைய விலக்கிப் பாத்தீங்களா?”

போய், போர்வையை விலக்கி, பாட்டிலிலிருந்து காயம்வரை விரலால் தொடர்ந்து பார்த்தேன். அஞ்சம்மாள் பக்கத்தில் நின்று, என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.